முதுகு எந்தப் பக்கம் வளையக் கேட்கிறது?

ஜெர்மனியின் உல்ம் நகரில், 1990களின் இறுதியில், ஒருவர் தன் முதுகுக்குள் ஓர் அழுத்தமானியைச் செருகிக்கொண்டு ஒரு முழு நாளைக் கழித்தார். வயது 45, எடை 70 கிலோ. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கருவி, இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கின் மையத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த நிலையிலேயே அவர் நின்றார், நடந்தார், மாடிப்படி ஏறினார், நாற்காலியில் சரிந்தார், வாய்விட்டுச் சிரித்தார், 20 கிலோ சுமையைத் தூக்கினார், இரவு படுத்துத் தூங்கவும் செய்தார். ஆய்வாளர் வில்கேயும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் வெளியிட்ட அந்த அளவுகள் இன்றைக்கும் பிசியோதெரபி வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன.

மெகாபாஸ்கல் கணக்கில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும்போது “முன்னாடி 30, பின்னாடி 32” என்கிறோமே, அந்தக் கணக்கில் பார்க்கலாம். குப்புறப் படுத்திருக்கையில் டிஸ்க்குக்குள் இருந்த அழுத்தம் 15. சும்மா நிற்கும்போது 73. கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நின்றபடி முன்னால் குனிந்தால் 160. முழங்காலை மடக்கி 20 கிலோவைத் தூக்கியபோது 247. அதே 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 334.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். உட்காரும் கணக்கில்தான் வம்பு. முதுகை விறைப்பாக நிமிர்த்தி உட்கார்ந்தபோது 80 காட்டிய கருவி, நாற்காலியில் சாய்ந்து சரிந்து, வகுப்பில் வாத்தியார் பார்த்தால் எழுப்பி நிற்கவைக்கும் தோரணையில் உட்கார்ந்தபோது 40 சொச்சம்தான் காட்டியது. ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் செய்த புகழ்பெற்ற அளவீடுகளில், நிற்பதைவிட உட்காருவது டிஸ்க்கை 40 சதவீதம் கூடுதலாக அழுத்துகிறது என்று வந்திருந்தது. ‘உட்கார்ந்தே முதுகு போச்சு’ என்ற பேச்சுக்கெல்லாம் அதுதான் ஆதாரம். உல்மில் அப்படி வரவில்லை. அளக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சாய்மானம் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டால் டிஸ்க்குக்குச் சுமை குறையும் என்பது இயற்பியல். வாத்தியாருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் எந்த நிலைதான் சரி? பிசியோதெரபி மேசை அருகே நின்று, தினமும் பத்துப் பதினைந்து முதுகுகளைக் குனியவைத்து நிமிரவைக்கும் உதவியாளருக்கு இது தத்துவக் கேள்வி இல்லை. அடுத்த நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்வதா, மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கச் சொல்வதா என்ற கேள்வி.

பிறக்கும்போது மனிதனுக்கு 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழுள்ள 5 ஒட்டிப்போய்த் திருவெலும்பாகும். கடைசி 4 சேர்ந்து வால் எலும்பாகும். ஆக, அசையக்கூடியவை 24. இவற்றின் இடையிலும், கடைசி இடுப்பெலும்புக்கும் திருவெலும்புக்கும் நடுவிலுமாக 23 டிஸ்க்குகள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் கிடையாது. முதல் எலும்பு ஒரு வளையம், இரண்டாவதிலிருந்து மேல்நோக்கி நீளும் ஒரு முளை அதற்குள் அச்சாகச் சுழல்கிறது. ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டுவதில் ஏறக்குறைய பாதிச் சுழற்சி இந்த ஒரு மூட்டில் நடந்துவிடுகிறது.

டிஸ்க்கை நம் ஊரில் ‘ஜவ்வு’ என்கிறார்கள். மருத்துவர்கள் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் மோசமான சொல் இல்லை. நடுவில் வழவழப்பான கூழ். இளம் வயதில் அதில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார் இடப்பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கின் நார் வலப்பக்கம் சாயும். டயருக்குள் நைலான் இழைகளைக் குறுக்கு நெடுக்காக வைக்கும் அதே தந்திரம். தவறாக இருப்பது ‘விலகிடுச்சு’ என்ற சொல்தான். மேலேயும் கீழேயும் எலும்போடு இறுகப் பிணைந்திருக்கும் டிஸ்க், அடுக்கிய தட்டுகளில் ஒன்று நழுவுவதுபோல் நழுவ வழியே இல்லை. நார் அடுக்குகள் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி வருகிறது, அவ்வளவுதான். பின்புற நார்கள் மெலிந்தவை. முதுகெலும்பின் பின்பக்கமாக ஓடும் நீண்ட தசைநாரும் இடுப்பை நெருங்க நெருங்கக் குறுகிவிடுகிறது. அதனால் பிதுக்கம் பெரும்பாலும் பின்னும் பக்கவாட்டுமாகவே வரும். அங்கேதான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. இடுப்பில் கிழிந்தது பெருவிரல்வரை ‘சுருக்’கென்று இழுப்பது இதனால்தான்.

இந்த ஜவ்வுக்கு இன்னொரு விசித்திரம். வளர்ந்த மனிதனின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது, வெளி ஓரத்தில் கொஞ்சம் தவிர. மேல் கீழ் எலும்புகளின் ஓரத்திலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. பகலெல்லாம் பாரத்தில் கசங்கித் தண்ணீரை இழக்கிறது. இரவு படுத்ததும் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சி ஊறுகிறது. உல்ம் மனிதர் தூங்கிய ஏழு மணி நேரத்தில் டிஸ்க்கின் அழுத்தம் 15இலிருந்து 35க்கு ஏறியது, அவர் ஒன்றுமே செய்யாமல். 23 டிஸ்க்குகளும் இப்படி ஊறுவதால் காலையில் நாம் மாலையைவிட ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரம். ஈர்ப்பு விசை உறைக்காத விண்வெளி நிலையத்தில் சில வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர்வரை வளர்ந்திருக்கிறார்கள். பூமிக்குத் திரும்பிய பிறகு அவர்களுக்கு டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஊறிப் பெருத்த ஜவ்வும் மாதக்கணக்கில் வேலையின்றி மெலிந்த தசையும் சேர்ந்தால் அப்படி ஆகும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

தசை என்றதும் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். தசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் டிஸ்க்கும் தசைநாரும் மட்டுமாக இடுப்பு முதுகெலும்பை நிற்கவைத்துச் சுமை ஏற்றினால் எவ்வளவு தாங்கும்? ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்: சுமார் 9 கிலோ. ஒரு சின்ன காஸ் சிலிண்டரின் எடைகூட இல்லை, அதற்குள் கோணி மடிந்துவிடுகிறது. மார்புப் பகுதியையும் சேர்த்த நீளமான முதுகெலும்பு 2 கிலோவிலேயே சாய்கிறது. மூட்டை தூக்குபவரின் முதுகில் நூறு கிலோ ஏறுவதெல்லாம் எலும்பின் சாமர்த்தியம் இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பத்தை நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் படம் ஆடும், இரண்டு பக்கம் அறுந்தால் கம்பமே சாயும். யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபி 1992இல் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். எலும்பும் தசைநாரும் ஒரு பகுதி, தசை இன்னொரு பகுதி, எந்தத் தசையை எப்போது எவ்வளவு இறுக்குவது என்று தீர்மானிக்கும் நரம்பு மண்டலம் மூன்றாவது பகுதி. ஒன்று சோர்ந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டப் பார்க்கும்.

மூன்றாவது பகுதியின் வேகத்தை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் காட்டினார்கள். கையைத் தூக்கச் சொன்னால், தோள் தசை இயங்குவதற்கு முன்பாகவே வயிற்றின் ஆழத்தில் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் தசை இறுகிவிடுகிறது. கை போனால் உடம்பு சாயும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. முதுகுவலிக்காரர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து ‘கோர்’ என்ற பெயரில் ஒரு பெரிய ஜிம் வியாபாரமே எழும்பியது. அதற்குப் பின் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளோ, நீண்ட காலத்தில் பார்த்தால் ‘கோர்’ பயிற்சிக்கும் மற்ற உடற்பயிற்சிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கின்றன. வயிற்றுத் தசை முக்கியம் என்பது பொய்யில்லை. அது மட்டுமே முக்கியம் என்று விற்றார்கள், அதுதான் கோளாறு.

இனி நிற்கும் தோரணைக்கு வரலாம். கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல, மனிதனுக்குப் பக்கவாட்டில் நூல் பிடித்துப் பார்க்கும் வழக்கம் பிசியோதெரபியில் உண்டு. அமெரிக்காவின் ஹென்றி கெண்டல், ஃப்ளாரன்ஸ் கெண்டல் தம்பதி எழுதிய புத்தகங்கள் இதைப் பாடமாக்கின. நூல் காது மடலைத் தொட்டு, தோள் முனை வழியாக இறங்கி, தொடையெலும்பின் மேல் முட்டைக் கடந்து, முழங்கால் மையத்துக்குச் சற்று முன்னால் வந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னே தரையைத் தொட வேண்டும். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கிளினிக்குக்கு வந்ததும்தான் ஒரு விஷயம் தெரியவரும். நூலுக்கு ஒத்துவராத முதுகோடு அறுபது வயதுவரை வலியே இல்லாமல் வயலில் வேலை பார்த்தவர் வருவார். நூல் பிடித்தாற்போல் நிற்கும் கல்லூரி மாணவி வலியில் அழுவார்.

கைப்பேசிக் கழுத்து விவகாரமும் இப்படித்தான். ஐந்து கிலோ சொச்சம் எடையுள்ள தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்ற படம் 2014இலிருந்து உலகமெங்கும் பகிரப்படுகிறது. அது கணினியில் போட்ட ஒரு கணக்கு. யார் கழுத்திலும் கருவி வைத்து அளந்ததில்லை. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைக் கைப்பேசி பார்க்கச் சொல்லி, கழுத்து குனியும் விதத்தையும் கழுத்து வலியையும் ஒப்பிட்ட 2018 ஆய்வில் இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. குனிவதால் கேடில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஒரே நிலையில் இரண்டு மணி நேரம் உறைந்துபோவது எந்தக் கழுத்துக்கும் ஆகாது, அந்த நிலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். ரத்தக் குழாய் இல்லாமல் கசங்கலிலும் ஊறலிலும் வாழும் ஜவ்வுக்கு அசைவே சாப்பாடு.

பயிற்சியின் கதையை இரண்டு மனிதர்களைக் கொண்டு சொல்லலாம். இருவரும் நேரெதிர்த் திசையில் போனார்கள்.

முதலாமவர் டெக்ஸஸ் மாநிலத்தின் டாலஸ் நகர எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ். நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதற்கு மனிதன் கொடுத்த விலைதான் இடுப்பின் உள்வளைவு, அந்த வளைவுதான் டிஸ்க்கின் பின்பக்கத்தை நசுக்குகிறது என்று அவர் கருதினார். ஆகவே வளைவைத் தட்டையாக்க வேண்டும். 1937இல் அவர் வெளியிட்ட பயிற்சிகள் எல்லாமே முன்பக்கம் மடங்குபவை: மல்லாந்து படுத்து இடுப்பைத் தரையோடு அழுத்துவது, முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, எழுந்து உட்காருவது. பல பத்தாண்டுகள் முதுகுவலி என்றாலே வில்லியம்ஸ் பயிற்சிதான்.

இரண்டாமவர் நியூசிலாந்தின் வெலிங்டனில் கிளினிக் நடத்திய பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்ஸி. 1956. பின்னாளில் அவர் ‘மிஸ்டர் ஸ்மித்’ என்று குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு இடுப்பில் தொடங்கி பிட்டம், தொடை வழியாக முழங்கால்வரை வலி. மூன்று வாரச் சிகிச்சையில் பெரிய முன்னேற்றம் இல்லை. அன்று மெக்கென்ஸி அவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். அதற்கு முன் வந்த ஒருவருக்காக அந்த மேசையின் ஒரு முனையைத் தூக்கிவைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஸ்மித்தும் கேள்வி கேட்காமல் அப்படியே படுத்துக்கொண்டார், முதுகு பின்பக்கமாக வில்லாய் வளைந்த நிலையில். அன்றைய பாடப்படி அது செய்யவே கூடாத காரியம். சில நிமிடம் கழித்து உள்ளே வந்த மெக்கென்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை, கால் வலி போய்விட்டது என்றார் ஸ்மித். இடுப்பின் வலது ஓரத்தில் இருந்த வலி நடுவுக்கு வந்திருந்தது.

இந்தத் தற்செயலை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், மற்ற நோயாளிகளிடம் வெவ்வேறு திசைகளில் அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து வலி எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டே வந்ததுதான் மெக்கென்ஸியின் பெருமை. அவர் கவனித்தது இதுதான்: சரியான திசையில் வளையும்போது கால் வலி படிப்படியாக மேலேறி இடுப்பின் நடுவுக்கு ஒடுங்குகிறது. தவறான திசையில் வளைந்தால் இடுப்பு வலி காலில் இறங்குகிறது. இதில் நோயாளியைக் குழப்பும் ஓர் அம்சமும் உண்டு. கால் வலி ஒடுங்கும்போது இடுப்பு வலி கொஞ்சம் கூடலாம். அது நல்ல சகுனம். கால் வலி கீழே நகர்ந்து இடுப்பு லேசானால் அது கெட்ட சகுனம், அவருக்குச் சுகமாகத் தோன்றினாலும்.

அப்படியானால் வில்லியம்ஸ் தவறா? இல்லை, ஆளைப் பொறுத்தது. கடைத்தெருவில் இருநூறு அடி நடந்ததும் இரண்டு காலும் மரத்துப்போய், திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடும் எழுபது வயதுப் பெரியவரை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்து முன்னால் சாய்ந்ததும் கால் தெளிகிறது. நடக்க முடியாத அவரால் சைக்கிள் மட்டும் மிதிக்க முடிகிறது. வயதால் நரம்புக் குழாய் குறுகிப்போன முதுகு அது. குனிந்தால் குழாய் விரியும், நிமிர்ந்தால் நெருக்கும். இவரைக் குப்புறப் போட்டு மெக்கென்ஸி பாணியில் வளைத்தால் பாவம். இவருக்கு வில்லியம்ஸ்தான் கைகொடுப்பார்.

திசை தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேயோ கிளினிக்கின் ஓர் ஆய்வு உண்டு, 1984இல் சினாகியும் மிக்கெல்சனும் வெளியிட்டது. எலும்பு அடர்த்தி குறைந்து முதுகெலும்பு பலவீனமான, மாதவிடாய் நின்ற 59 பெண்கள். பின்பக்கம் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் பிறகு புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67 சதவீதம். முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம்! குனிந்தவர்கள் ஒன்பதே பேர், சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு பயிற்சி, பயிற்சியே இல்லாததைவிட மோசமாகும் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த வயதுப் பெண்ணை உட்கார்ந்து கால் விரலைத் தொடச் சொல்லும் யோகா வகுப்புகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. குனிந்ததும் முள்ளெலும்பின் முன் விளிம்பில் பாரம் குவிகிறது. உளுத்த எலும்பு அங்கேதான் நசுங்கி ஆப்பு வடிவம் ஆகும். பாட்டிமார் கூன் விழும் வழிகளில் இது ஒன்று.

இந்த இடத்தில்தான் உதவியாளரின் வேலை தொடங்குகிறது. அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளர் என்ற பணியை அங்குள்ள தொழில்சங்கம் 1967இல் முறைப்படி ஏற்றது; இரண்டாண்டுப் படிப்பு முடித்த முதல் அணி 1969இல் வெளியே வந்தது. நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் வகுப்பது பிசியோதெரபிஸ்ட்டின் பொறுப்பு. உதவியாளர் அதை நடத்துகிறார். திட்டத்துக்குள் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். திட்டத்தையே மாற்ற அவருக்கு உரிமையில்லை. காகிதத்தில் இது சின்ன வேலையாகத் தோன்றும். நடைமுறையில் வாரம் மூன்று நாள் நோயாளியின் அருகே அரை மணி நேரம் நிற்பவர் அவர்தான். வலி மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்பதை முதலில் பார்ப்பதும் அவர்தான்.

நாற்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவர் மேசையில் குப்புறப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வெறுமனே இரண்டு மூன்று நிமிடம் படுத்திருப்பார். அடுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்துவார். பிறகு உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு மேசையிலேயே கிடக்க, கையை நீட்டி எழும்புவார். புஜங்காசனம் பழகியவர்களுக்குப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் இங்கே முதுகுத் தசை எழுப்புவதில்லை; கை தள்ளுகிறது, முதுகு தொங்குகிறது. பத்து முறை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் உதவியாளர் ஒரே கேள்வியைக் கேட்பார்: “அண்ணே, வலி இப்ப எங்க இருக்கு?” எவ்வளவு என்று கேட்பது இரண்டாவது, எங்கே என்பதுதான் முதலாவது. “கெண்டைக்கால்ல இருந்துச்சு, இப்ப தொடைக்கு வந்துருச்சு” என்றால் தொடரலாம். “இடுப்பு லேசாயிருச்சு தம்பி, ஆனா பாதம் மதமதன்னு இருக்கு” என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும்.

சில பதில்கள் கேட்டால் பயிற்சி என்ற பேச்சே கிடையாது. சிறுநீர் வருவது தெரியவில்லை, அல்லது வரவே இல்லை. உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை. பாதம் திடீரென்று தொய்ந்துவிட்டது. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போல் கற்றையாகத் தொங்குகின்றன. அந்தக் கற்றை முழுவதும் நசுங்கினால் வரும் அறிகுறிகள் இவை. மணிக்கணக்கில் முடிவெடுத்து அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய அவசரம் அது. கூச்சத்தில் இதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால்தான் வரும். பெண் நோயாளி ஆண் உதவியாளரிடம் சொல்லவே மாட்டார் என்பதை நினைவில் வைத்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதிலும் கைப்பக்குவம் இருக்கிறது. கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுகளை அளந்தே வாழ்நாளைக் கழித்தவர், மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். அதில் ஒன்று: குழந்தை தவழும் நிலையில் கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுவது. ‘வயிற்றை இறுக்குங்க’ என்றால் யாருக்கும் புரியாது. ‘முதுகு மேல ஒரு டம்ளர் காபி இருக்கு, சிந்தக் கூடாது’ என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பத்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை. சிரமப்படும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. அதனால் அனுபவசாலிகள், “மூச்சு விடுங்க” என்று கத்துவதற்குப் பதிலாக நோயாளியையே சத்தமாக எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கொண்டே யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது. தட்டையாகப் படுத்து எழுந்து உட்காரும் பழைய ‘சிட்-அப்’பைப் பற்றி மெக்கில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு முறையும் இடுப்பை அழுத்தும் விசை சுமார் 3,300 நியூட்டன், ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமம். பள்ளிக்கூட விளையாட்டுப் பீரியடில் வரிசையாகப் படுக்கவைத்து ஐம்பது எடுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

வலி போய்விட்டால் வேலை முடிந்ததா? ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழு, முதன்முறையாக முதுகு பிடித்துக்கொண்ட 39 பேரைத் தொடர்ந்து பார்த்தது. முள்ளெலும்புகளை ஒட்டி ஆழத்தில் இருக்கும் சிறு தசை, வலி வந்த பக்கத்தில் மெலிந்திருந்தது. வலி தானாகப் போன பிறகும் அது பழைய பருமனுக்குத் திரும்பவில்லை. அந்தத் தசைக்கென்று பயிற்சி பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி மறுபடி வந்தது. பெறாதவர்களில் 84 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஆனால் ‘சரியாயிடுச்சு, இனி எதுக்கு வரணும்’ என்று நான்காம் நாளே காணாமல் போகும் நோயாளிகளைப் பற்றி பிசியோதெரபிஸ்ட்டுகள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

பெட் ரெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேர், இடுப்புப் பிடிப்போடு வந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பிரிவினரிடம் ‘தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். 1995இல் வெளியான முடிவில் மூன்றாம் பிரிவே முந்தியது. படுத்தவர்கள் மிக மெதுவாகத் தேறினார்கள். கவனியுங்கள், பயிற்சி செய்தவர்களையும் வேலை பார்த்தவர்கள் முந்தினார்கள். வலி புதிதாகக் கொதித்துக்கொண்டிருக்கையில் பயிற்சிப் பட்டியலை நீட்ட வேண்டியதில்லை என்று பயிற்சி விற்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

இத்தனைக்கும் நடுவே கையில் எம்.ஆர்.ஐ. உறையோடு வருபவரின் பயம் தனி. ‘டிஸ்க் தேய்ஞ்சிருக்கு, பிதுங்கியிருக்குன்னு போட்டிருக்கு, நான் இனி குனியவே கூடாதா?’ வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2015இல் வந்தது. எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். தலை நரைப்பதை யாரும் ‘முடிச் சிதைவு’ என்று எழுதித் தருவதில்லை. அதோடு, நரம்பை அழுத்தும்படி வெளியே வந்த டிஸ்க் துண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு, கத்தி படாமலேயே நாளடைவில் சுருங்குகின்றன. பெரிதாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டுகளே சீக்கிரம் கரைகின்றன. உடம்பின் துப்புரவு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகப் பாவித்துத் தின்றுவிடுகின்றன.

சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் உதவியாளர் என்ன சொல்லி அனுப்புவது? 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு எளிமையான பதில் ஒன்றைத் தந்தது. முதுகுவலி வந்து தேறியவர்களை, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடக்கவைத்தார்கள். நடந்தவர்களுக்கு அடுத்த வலி வர எடுத்த இடைநிலைக் காலம் 208 நாள். நடக்கச் சொல்லப்படாதவர்களுக்கு 112 நாள்.

நம் வீடுகளுக்கென்று ஒன்றைச் சேர்க்கலாம். இரவெல்லாம் ஊறி டிஸ்க் மிகவும் விம்மியிருக்கும் நேரம் விடியற்காலை. அப்போது குனிந்தால் நார் அடுக்குகளில் இழுவிசை அதிகம். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் காலையில் எழுந்த புதிதில் குனியாமல் இருக்கப் பழக்கியதில் வலி குறைந்ததாக 1998இல் ஸ்னுக் குழு அமெரிக்காவில் காட்டியது. நம் பெண்களின் காலையோ நேர்மாறு. பாயை விட்டு எழுந்த சூட்டோடு வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, முழங்காலை மடக்காமல் இடுப்பை மடித்து அரை மணி நேரம் புள்ளி வைத்துக் கோலம் போடுவார்கள். குடத்தைத் தூக்குவதும் அதே நேரத்தில்தான். முதுகுவலியோடு வரும் ஓர் அம்மாவிடம் கோலத்தை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அடுத்த முறை வர மாட்டார். ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழுந்திருங்கள், முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போடுங்கள், பால்காரர் வரும்வரை வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள், வாசலுக்குக் கடைசியாகப் போங்கள் என்றால், அதை அவர் செய்வார்.